மறு: மறு: கை கவிழ்வதற்கும் மல்லாப்பதற்கும் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான பாடநூலில் முழங்கை, முன்கை, மணிக்கட்டு மூன்றையும் சொல்லும் அதிகாரம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மடக்குதல், நீட்டுதல் வரை தொல்லை இல்லை. புரோனேஷன், சூப்பினேஷனில் வந்து நிற்கிறேன். எனக்கு முன்னால் செய்தவர் உட்புறச் சுழற்சி, வெளிப்புறச் சுழற்சி என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவையே தோள்மூட்டு அதிகாரத்தில் வேறொரு அசைவுக்கு இருக்கின்றன. கேள்வி முன்கையைப் பற்றி இருக்கும், மாணவர் தோளைத் திருப்பிக் காட்டுவார். உள்ளங்கை கீழே பார்ப்பது, மேலே பார்ப்பது, இவ்வளவுதான் விஷயம். அசைவுக்கும் தசைக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வந்தால் நல்லது.

———

> உள்ளங்கை கீழே பார்ப்பது, மேலே பார்ப்பது

அம்மா, இதற்கு நம்மிடம் எப்போதோ விடை இருக்கிறது. கொடுப்பவன் கை கவிழ்ந்திருக்கும், வாங்குபவன் கை மல்லாந்திருக்கும். ஆகவே முன்னது ஈகை, பின்னது ஏற்கை. சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது பாருங்கள்! ஈகைத்தசை, ஏற்கைத்தசை என்று தசைகளும் தாமாக வந்துவிடும். மடக்குதலையும் அப்படியே விட வேண்டாம். 1077ஆம் குறளில் 'கூன்கை' இருக்கிறது. தாடையை உடைக்க மடக்கிய கையோடு வருபவருக்கு அன்றி, கயவர் ஈரக்கையைக்கூட உதற மாட்டார்களாம். மடங்கிய கைக்கு வள்ளுவர் தந்த சொல் இருக்க, நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

———

> சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது

ஐயா, அது உடம்பில் இருக்கிற கை இல்லை, தொழிற்பெயர் விகுதி. அழுகையிலும் 'கை' இருக்கிறது, அதற்கு எந்தத் தசை? இன்னொன்று, வலக்கையால் திருகாணியை இறுக்குவது சூப்பினேஷன். அங்கே யாரிடமிருந்து எதை ஏற்கிறோம்?

உடற்கூறு கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு வேறு கவலை. இந்த அசைவு மணிக்கட்டில் நடக்கிறது என்றே பாதி மாணவர் நினைக்கிறார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வையுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலை முழங்கையின் வெளிப்பக்க மேட்டுக்குச் சற்றுக் கீழே அழுத்திக்கொண்டு உள்ளங்கையைத் திருப்புங்கள். விரலுக்கடியில் குமிழ் போல ஒன்று உருளும். அதுதான் முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பின் தலை, வளையம் மாதிரி ஒரு நார் அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. மேலே அது நின்ற இடத்திலேயே உருள, கீழ்முனை சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அரந்தி எலும்பைச் சுற்றி வரும். உள்ளங்கை கீழே பார்க்கும்போது இரண்டு எலும்பும் குறுக்கே விழுந்து கிடக்கும், மணிக்கட்டு சும்மா கூடவே போகும். ஆகவே 'கை கவிழ்தல்' வேண்டாம், 'முன்கைக் கவிழ்தல்' என்று போடுங்கள். மறுபக்கம் மல்லாத்தல். சூப்பினேஷனின் இலத்தீன் மூலச் சொல்லுக்கும் மல்லாந்து கிடப்பது என்றுதான் பொருள்.

———

மேலே சொன்னதற்கு என் வாக்கும். ஆனால் விகுதியைக் கவனியுங்கள். கவிழ்தல் தன்வினை, கவிழ்த்தல் பிறவினை. மல்லாத்தல் தன்வினை, மல்லாத்துதல் பிறவினை, நடத்தல், நடத்துதல் மாதிரி. அவசரத்தில் 'கவிழ்த்தல், மல்லாத்தல்' என்று சேர்த்து எழுதினால் ஓசை நன்றாக இருக்கும், இலக்கணம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இயன்முறை மருத்துவத்தில் இது வெறும் புலவர் சண்டையும் இல்லை. நோயாளி தானே திருப்பினால் கவிழ்தல், மருத்துவர் பிடித்துத் திருப்பினால் கவிழ்த்தல். ஆங்கிலத்துக்கு இதற்கு ஓர் அடைமொழி வேண்டும், நமக்கு ஒரு தகர ஒற்றே போதும்!

———

எல்லாம் சரி, ஆனால் கவிழ்ப்பு என்றால் எனக்கு ஆட்சிதான் நினைவுக்கு வருகிறது. பேசாமல் புரோனேஷன் என்றே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன? நாளைக்கு மருத்துவமனையில் அந்தப் பிள்ளைகள் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

———

> புரோனேஷன் என்றே போட்டால் என்ன?

அப்படியானால் நாம் எல்லோரும் இங்கே எதற்கு?

அரந்தி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஆரை புரிகிறது, சக்கரத்தின் ஆரக்கால் போன்றது, இலத்தீனிலும் அதே கருத்துதான். அரந்தி எங்கிருந்து வந்தது? அதன் ஆங்கிலப் பெயர் அல்னா, அதற்கு இலத்தீனில் முழங்கை என்று பொருள், அதுவே ஒரு நீட்டலளவும்கூட. நம் முழமும் அப்படித்தானே, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை? ஆகவே முழவெலும்பு. முழவு என்ற தோற்கருவியோடு மயங்கும் என்பீர்கள், மயங்கட்டும்.

———

நன்றி, எல்லோருக்கும். நாளை காலை அனுப்புகிறேன். முடிவு இதுதான்: முன்கைக் கவிழ்தல், முன்கை மல்லாத்தல். ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் மட்டும் புரோனேஷன், சூப்பினேஷன் பக்கத்தில் இருக்கும். தசைகளுக்குக் கவிழ்ப்பி, மல்லாத்தி. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பையும் இணைத்துப் பட்டையாகக் கிடக்கிறதே, அது சதுரக் கவிழ்ப்பி. "முன்கை நடுநிலையிலிருந்து சுமார் 80 டிகிரி கவிழும்" என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன், படிக்க உறுத்தவில்லை. மேற்கையின் முன்பக்கத்து இருதலைத் தசையைப் பற்றி "முழங்கை மடங்கியிருக்கும்போது வலுவாக மல்லாத்தும்" என்று எழுதினேன், வீட்டில் படித்துப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இருந்தாலும் பொருள் புரிந்துதான் சிரித்தார்கள். ஆரை, அரந்தி அப்படியே இருக்கட்டும், இனி மாற்றினால் படங்களையும் மாற்ற வேண்டும்.

———

அச்சேறிய பிறகும் ஏற்கைதான் சரி என்பேன், பதிவாகட்டும். மணிக்கட்டில் உள்ள மணி எந்த மணி என்று நாளை தனி இழை தொடங்குகிறேன்.