தொகுதிக்கு ஐந்து விவிபேட்: "போதும்" என்றவருக்கு ஒரு பதில்

வைகைக்கரை:
நேற்று இங்கே சீல்சாவி எழுதியதை அப்படியே தருகிறேன்: "சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விவிபேட் எண்ணுகிறார்கள். 2024 வரையிலேயே 41,629 முறை சரிபார்த்தாயிற்று. எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்ட வழக்கை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்துவிட்டது. இனியும் கத்துகிறவர்கள் தோற்றுப்போனவர்கள்."

எரிச்சலாக இருக்கிறது. விவிபேட் என்பது வாக்கு யாருக்குப் போனது என்று துண்டுச்சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி. அந்தச் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுவது தொகுதிக்கு ஐந்தில் மட்டும். ஐந்து என்பது எதில் ஐந்து என்று யோசித்தீர்களா? ஒரு தொகுதியில் 300 சாவடி என்று வையுங்கள். அதில் 30 இயந்திரங்களில் தவறு. நீங்கள் குலுக்கி எடுக்கும் ஐந்தில் அந்த முப்பதில் ஒன்றுகூட வராமல் போவதற்கான வாய்ப்பு 59 சதவீதம். பத்தில் ஒரு பங்கு இயந்திரம் கெட்டிருந்தாலும் பத்துக்கு ஆறு முறை உங்கள் சோதனை "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். கெட்டது ஒரே இயந்திரம் என்றால் அகப்படும் வாய்ப்பு 300இல் 5, நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்கு. அதைப் புரட்ட ஒரு சாவடி போதும்.

சீல்சாவி:
முப்பது இயந்திரம் எப்படிக் கெட்டது என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். முதல்நிலைச் சோதனையில் கட்சிக்காரர்கள் முன்னால் ஒரு சதவீத இயந்திரங்களில் 1,200 வாக்கு, இரண்டு சதவீதத்தில் 1,000, இன்னும் இரண்டு சதவீதத்தில் 500 போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் இரண்டு முறை கணினிக் குலுக்கல். முதலாவது எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, இரண்டாவது எந்தச் சாவடிக்கு. சின்னம் ஏற்றிய பிறகு மறுபடியும் ஐந்து சதவீதத்தில் ஆயிரம் ஆயிரம் வாக்கு. வாக்குப்பதிவன்று காலையில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் குறைந்தது 50 மாதிரி வாக்கு. இவ்வளவையும் தாண்டி முப்பது இயந்திரத்தில் கைவைக்கிற ஆள் யார்?

கணக்கும் தப்பு. தமிழ்நாட்டில் 234 தொகுதி, தலா ஐந்து, மொத்தம் 1,170. மாநிலத்தில் நூற்றில் ஒரு இயந்திரம் கெட்டிருந்தால் அத்தனையும் தப்பிப்பதற்கு லட்சத்தில் ஒன்றுகூட வாய்ப்பில்லை. 2019இல் நாடு முழுவதும் 20,625 எண்ணினார்கள். இந்தியப் புள்ளியியல் கழகம் 10.35 லட்சம் இயந்திரங்களுக்கு 479 எண்ணினாலே போதும் என்றது.

வைகைக்கரை:
வந்துவிட்டார் மாநிலக் கணக்கோடு! தியாகராய நகர் எம்.எல்.ஏ.வை மாநிலமா தேர்ந்தெடுக்கிறது? முடிவு அறிவிப்பது தொகுதிவாரியாக, சோதனை மட்டும் நாடுவாரியாகவா? 479 என்ற எண்ணிக்கையும் அதே கோளாறுதான். கோயம்புத்தூரில் எடுத்த சோற்றைப் பதம் பார்த்துவிட்டு ராமநாதபுரத்துப் பானை வெந்துவிட்டது என்கிறீர்கள்.

ஐந்து. திரும்பச் சொல்கிறேன், ஒரு தொகுதிக்கு ஐந்து.

கூட்டிக்கழி:
இரண்டு பேர் கணக்கும் சரிதான், கேள்விதான் வேறு. "மொத்தம்" எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாடு முழுக்கத் திட்டமிட்ட மோசடி நடந்ததா என்றால் சாவி சொல்வது. இந்தத் தொகுதியில் இந்த வேட்பாளர் ஜெயித்தது உண்மையா என்றால் வைகை சொல்வது. இரண்டாவது கேள்விக்கு ஐந்து, ஐம்பது என்று நிலையான எண்ணே கூடாது. வெற்றி வித்தியாசம் குறையக் குறைய மாதிரி பெரிதாக வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2017 முதல் இப்படித்தான் செய்கிறது. 60,000 வித்தியாசம் என்றால் கொஞ்சம் எண்ணினால் போதும், 137 என்றால் ஏறத்தாழ முழுவதும் எண்ண வேண்டியிருக்கும்.

சீல்சாவி:
கொலராடோவில் குடியிருக்கிறவர்கள் அங்கேயே பேசிக்கொள்ளட்டும். இங்கே ஐந்து என்பதே கூடுதல். 2019 ஏப்ரல் 8 வரை ஒன்றுதான். சந்திரபாபு நாயுடு உட்பட 21 கட்சித் தலைவர்கள் ஐம்பது சதவீதம் கேட்டார்கள், நீதிமன்றம் ஐந்து கொடுத்தது.

வைகைக்கரை:
கூட்டிக்கழி, உங்களிடம் நான் மத்தியஸ்தம் கேட்கவில்லை. போன மாதம், 2024 ஹரியானா எண்ணிக்கையில் சில இயந்திரங்கள் 99 சதவீத பேட்டரி காட்டியது பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் நின்று இருவரும் சரி என்றீர்கள்.

சீல்சாவி:
பேட்டரியை இழுக்காதீர்கள், அதில் நீங்கள் தோற்றதை எல்லோரும் பார்த்தோம். மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை கட்டுப்பாட்டுக் கருவி 99 என்றுதான் காட்டும். குறைவாக வாக்குப் பதிவானதும் மாதிரி வாக்கு அதிகம் போடாததுமான கருவியில் எண்ணிக்கை நாளிலும் 99 இருப்பது இயல்பு. அதைக்கூட ஏற்றுக்கொள்ளாதவர் நீங்கள்.

காகிதக்கட்சி:
எதற்கு இந்தச் சண்டை? வாக்குச்சீட்டுக்குத் திரும்பினால் முடிந்தது. ஜெர்மனியில் 2009 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் என்ன சொன்னது? தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அதோடு அங்கே இயந்திரம் போயிற்று. நம் ஊரிலேயே 1982இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் பரவூர் தொகுதியின் 50 சாவடியில் இயந்திரம் வைத்ததை 1984இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இடமில்லை என்று ரத்து செய்தது.

சீல்சாவி:
அப்புறம் சட்டத்தைத் திருத்தி, இயந்திரத்துக்கு இடம் தரும் 61ஏ பிரிவைச் சேர்த்ததையும் சொல்லுங்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகம் போல வந்தது. அதை மடித்துப் பெட்டியில் திணித்து எண்ணியவர்களைக் கேளுங்கள். சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்திப் பெட்டியில் போட்ட காலம் திரும்ப வேண்டுமா? இயந்திரத்தில் நிமிடத்துக்கு நாலு வாக்குக்கு மேல் விழாது. ரவுடி உள்ளே வந்தால் தலைமை அலுவலர் 'குளோஸ்' பொத்தானை அமுக்கிவிட்டால் போதும், அப்புறம் ஒரு வாக்கும் பதியாது.

வைகைக்கரை:
நான் வாக்குச்சீட்டு கேட்கவே இல்லை, என் தலையில் கட்டாதீர்கள். இயந்திரம் இருக்கட்டும். கீழே பெட்டியில் துண்டுச்சீட்டு விழுந்து கிடக்கிறது. வாக்காளர் ஏழு வினாடி கண்ணாடிக்குள் பார்த்த அதே சீட்டு. அதை எண்ணுங்கள். அச்சடித்து, பெட்டியில் போட்டு, சீல் வைத்து, ஸ்ட்ராங் ரூமில் துப்பாக்கிக் காவல் போட்டு, பிறகு எண்ணாமலே விட்டுவிடுவதற்கா 2013இல் உச்ச நீதிமன்றம் விவிபேட் வேண்டும் என்றது?

சீல்சாவி:
எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். சீட்டு 99 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். வெப்பத்தில் அச்சாகும் தாள், சுருண்டுகொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டும். கருவியைப் போடும்போதெல்லாம் ஏழு சுயசோதனைச் சீட்டு விழும், அதைப் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். அப்புறம் கம்பிவலை அடித்த கூண்டுக்குள் வேட்பாளர்வாரியாகப் பிரித்து, 25 சீட்டு ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். ஒரு கருவிக்கு ஒரு மணி நேரம். ஐந்துக்கு ஐந்து மணி நேரம். எல்லாவற்றையும் எண்ணினால் முடிவு வர எத்தனை நாள்?

வைகைக்கரை:
ஒரே கூண்டில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால் நாள் கணக்கு. ஒரே கூண்டுதான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இயந்திரத்துக்கு 14 மேசை போடுகிறீர்களே, அதே 14 மேசையில் சீட்டை எண்ணுங்கள். 300 சாவடி, 22 சுற்று, சுற்றுக்கு ஒரு மணி, மொத்தம் 22 மணி நேரம். தேர்தலே ஏழு கட்டமாக ஒன்றரை மாதம் நடக்கிறது. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு ஜூன் 4 வரை காத்திருந்தது. இன்னும் ஒரு நாள் காத்திருக்க மாட்டோமா?

சீல்சாவி:
எண்ணுகிறவர்கள் மனிதர்கள். பதினைந்தாவது மணி நேரத்தில் இரண்டு சீட்டு சேர்ந்து போகும். கணக்கு இடிக்கும். இடித்தால் திரும்ப எண்ண வேண்டும், இயந்திரக் கணக்கோடோ முந்தைய சீட்டுக் கணக்கோடோ ஒத்துப்போகும்வரை. உங்கள் 22 மணி நேரம் அங்கேயே காலி. அதுவரை வெளியே "மோசடி" என்று டிவிக்காரன் ஓட்டிக்கொண்டிருப்பான். 41,629இல் வித்தியாசம் வந்ததாகத் தீர்ப்பில் உள்ளது ஆந்திரா மைதுகூர் 63ஆம் சாவடி, 2019. காரணம் மோசடியா? காலையில் போட்ட மாதிரி வாக்கை அழிக்க மறந்தது.

வைகைக்கரை:
அதைத்தான் நானும் கேட்கிறேன்! ஐந்தில் அகப்பட்டதால் தெரிந்தது. ஐந்தில் வராத சாவடியில் அழிக்க மறந்தால்?

சீல்சாவி:
இது தெரியாமல்தான் இவ்வளவு எழுதினீர்களா? சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்குப் படிவம் 17சி எதற்கு இருக்கிறது? தலைமை அலுவலர் 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களையும் இயந்திரத்தின் மொத்தத்தையும் பார்த்து 17சி முதல் பகுதியை நிரப்புவார். ஏஜென்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும், விதி 49எஸ். பதிவேட்டில் 712 பேர், இயந்திரத்தில் 762 என்றால் எண்ணிக்கை மேசையில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் கருவியை ஒதுக்கிவைப்பார்கள். கடைசியில் வெற்றி வித்தியாசம் ஒதுக்கிய கருவிகளின் மொத்த வாக்குக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் மட்டும் அவற்றின் சீட்டை எண்ணுவார்கள். ஐந்தில் வந்தாலும் வராவிட்டாலும் அகப்படும்.

வைகைக்கரை:
17சி எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று சொல்லும். யாருக்கு விழுந்தது என்று சொல்லுமா? 712க்கு 712 சரியாக இருந்து, உள்ளே 40 இங்கிருந்து அங்கே போயிருந்தால் 17சிக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் சீட்டு. சின்னத்தை மடிக்கணினியிலிருந்து விவிபேட்டுக்குள் ஏற்றுவது இரண்டாவது குலுக்கலுக்குப் பிறகு. எந்தக் கருவி எந்தச் சாவடிக்கு, எந்தப் பொத்தானில் யார் என்று அப்போது எல்லாம் தெரியும். அதனால்தானே சின்னம் ஏற்றும் கருவியை 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்கச் சொன்னது நீங்கள் கும்பிடும் அதே தீர்ப்பு?

பூத்கமிட்டி:
அண்ணே, ரெண்டு பேரும் 17சி 17சின்னு பேசுறீங்க. சாயங்காலம் அஞ்சரைக்கே பாதி ஏஜென்டு வீட்டுக்குப் போயிடுறான். நகலை வாங்குறதே இல்லை. வாங்கினாலும் கருவி நம்பர், பச்சைத்தாள் சீல் நம்பர் சரியா இருக்கான்னு பார்க்கிறதில்லை. எண்ணிக்கை அன்னைக்கு மேசையில உட்காருறவன் வேற ஆளு, அவன் கையில அந்தக் காகிதம் இருக்காது. அப்புறம் டிவில வந்து இயந்திரம் சரியில்லைங்குறது. முதல்ல உங்க கட்சிக்காரனைத் திருத்துங்க.

காகிதக்கட்சி:
2021இல் வேளச்சேரியில் விவிபேட்டை இருசக்கர வாகனத்தில் வைத்துக்கொண்டு போனது ஏஜென்டா? அதில் 15 வாக்கு பதிவாகியிருந்தது. 92ஆம் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவே நடத்த வேண்டியதாயிற்று.

சீல்சாவி:
மறுவாக்குப்பதிவு நடந்தது இல்லையா? ஏற்பாடு வேலை செய்தது என்று அர்த்தம். காகிதத்தின் லட்சணத்தைப் பார்க்க ராதாபுரத்துக்குப் போங்கள். 2016 சட்டமன்றத் தேர்தல், வித்தியாசம் 49 வாக்கு. தகராறு எதில்? 203 தபால் வாக்கில். சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர் கெஜட்டட் அதிகாரியா இல்லையா என்று ஒதுக்கினார்கள். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் எண்ணியும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டே முடிந்துபோனது. காகிதம், காகிதம் என்கிறீர்களே!

வைகைக்கரை:
ராதாபுரத்தில் 19, 20, 21ஆம் சுற்று இயந்திர வாக்குகளையும் சேர்த்துத்தான் எண்ணச் சொன்னார்கள், அதை விட்டுவிட்டீர்கள். 49இல் ஜெயித்த தொகுதியில் அன்றே முழுவதும் சரிபார்க்க வழி இருந்திருந்தால் வழக்கு எதற்கு?

கூட்டிக்கழி:
இதைத்தான் வித்தியாசத்தை ஒட்டி மாதிரி என்று முதலிலேயே சொன்னேன்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்னது கொலராடோ. நான் சொல்வது முழு எண்ணிக்கை.

சீல்சாவி:
சந்தேகம் இருந்தால் 2024 தீர்ப்பே வழி கொடுத்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக்கொடுத்தால் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். 2024இல் வேலூரிலும் விருதுநகரிலும் விண்ணப்பித்தார்களே.

வைகைக்கரை:
ஒரு செட்டுக்கு 47,200 ரூபாய் கட்டச் சொன்னதை ஏன் விழுங்கினீர்கள்? சோதிப்பது யார்? அதே கருவியைச் செய்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இ.சி.ஐ.எல். நிறுவனங்களின் பொறியாளர்கள். அதுவும் ஆணையம் முதலில் வகுத்த முறையில் பழைய பதிவை எடுத்துவிட்டு மாதிரி வாக்கு போட்டுக் காட்டினால் போதும் என்று இருந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றமே "தரவை அழிக்காதே" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், இத்தனை பதிவிலும் சொல்லவில்லை. ஐந்தில் ஒன்றில் சீட்டும் இயந்திரமும் ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். விதி 56டி படி அந்த ஒரு கருவிக்குச் சீட்டுக் கணக்கே செல்லும். சரி. மீதி 295 கருவியை என்ன செய்வீர்கள்?

சீல்சாவி:
தீர்ப்பில் உள்ளபடி அப்படி வேறு வித்தியாசம் வரவில்லை. மைதுகூருக்குக் காரணம் சொல்லிவிட்டேன்.

வைகைக்கரை:
நான் கேட்டது அதுவல்ல. மீதி 295?

சீல்சாவி:
அதற்கு முந்தைய நான்கு சோதனைகளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் படியுங்கள்.

வைகைக்கரை:
படித்தேன். அதில் 295 இல்லை.