நடுக்கடல் தீவுகளுக்கு வெப்பக்கடல் மீன்கள் எப்படிப் போய்ச் சேர்கின்றன?

அலைவாசி:
கடல் சூடாவதால் வெப்பமண்டல மீன்கள் எங்கோ தனியாகக் கிடக்கும் தீவுகளில்கூடத் தலைகாட்டுகின்றன என்று அடிக்கடி படிக்கிறேன். எனக்குப் பிடிபடாதது இதுதான்: ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வாழ்கிற மீன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடலை எப்படித் தாண்டும்? வழியில் ஒதுங்கக்கூட இடமில்லையே. அப்புறம், புது மீன் வந்தால் தீவுக்காரர்களுக்கு லாபம்தானே, ஏன் எல்லோரும் கவலைப்படுகிறார்கள்?

உப்புக்காற்று:
வளர்ந்த மீன் நீந்திப் போவதில்லை, குஞ்சுதான் மிதந்து போகிறது. பாறை மீன்களில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களைத் திறந்த கடலில்தான் கழிக்கும். நகக்கண் அளவுதான் இருக்கும், உள்ளே முள் தெரிகிற மாதிரி கண்ணாடி உடம்பு. நீரோட்டம் இழுத்த பக்கம் போகும், மிதக்கும் கட்டையோ பாசிக்கொத்தோ கிடைத்தால் அதன் நிழலிலேயே இன்னும் தூரம் போகிற இனங்களும் உண்டு.

ஆனால் இப்படி வந்து சேர்வது புதிதில்லை. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் கோடைதோறும் வண்ணத்துப்பூச்சி மீன் குஞ்சுகளைச் சிட்னி வரை கொண்டுவந்து விடும், தண்ணீர் 17 டிகிரி பக்கம் இறங்கியதும் அநேகமாக எல்லாமே செத்துப்போகும். இப்போது குளிர்காலக் கடல் முன்பு போலக் குளிர்வதில்லை, அதனால் சில பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே "புது மீன் தென்பட்டது" என்ற செய்தியைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அது குளிர்காலத்தைத் தாண்டியதா, அங்கேயே முட்டை போட்டதா?

வலைக்காரன்:
குஞ்சு கதை பாறை மீனுக்குச் சரி. சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் தானே நீந்திப் போகும். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2006இல் அவர்கள் பிடித்த கானாங்கெளுத்தி சில ஆயிரம் டன்தான், 2008இல் ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. 2012இல் கிரீன்லாந்துக்குக் கிழக்கே கானாங்கெளுத்திக்குப் போட்ட வலையில் மூன்று நீலத்துடுப்புச் சூரைகளே ஏறின, இரையைத் துரத்திக்கொண்டு வந்திருக்கும்.

லாபமா என்றால், ஐஸ்லாந்துக்கு நல்ல லாபம்தான். கூடவே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஐரோப்பிய ஒன்றியத்தோடும் நார்வேயோடும் வருடக்கணக்கில் தகராறு. 2014இல் மற்றவர்கள் ஒப்பந்தம் போட்டபோது ஐஸ்லாந்து அதில் இல்லை. அப்புறம் அதே மீன் அந்தப் பக்கம் வருவது குறைந்தும் போனது. இதற்கெல்லாம் வெப்பம் மட்டும் காரணமில்லை, மீன் கூட்டமே அப்போது பெருத்திருந்தது, இரை தேடிப் பரவியது. எல்லாவற்றையும் சூட்டின் தலையில் கட்டிவிடக் கூடாது.

அலைவாசி:
சரி, வருகிற மீன் புரிந்தது. ஏற்கெனவே அங்கே இருக்கிற மீன் என்ன செய்யும்? அதுவும் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடாதா?

உப்புக்காற்று:
கண்டத்தின் கரையோரமாக இருந்தால் நகரலாம். தீவு மீனுக்கு அடுத்த கரை எது? ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி லார்ட் ஹோவ் தீவு இருக்கிறது, உலகிலேயே தெற்கே கடைசியாக உள்ள பவளத்திட்டு அங்கேதான். மெக்கல்லாக் கோமாளிமீன் அந்தத் தீவிலும் பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களிலும் மட்டும் வாழ்வது. அது குடியிருக்கும் கடல் சாமந்தி (பூப்போல் தெரியும் கடல் விலங்கு) வெப்ப அலையில் வெளுத்துப்போகிறது. தெற்கே நகரலாம் என்றால் ஆழ்கடல்தான், கால் வைக்க ஒரு பாறை கிடையாது.

பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளின் கதை இன்னும் மோசம். 1982-83 எல் நினோவின்போது, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடான சமயத்தில், அடியிலிருந்து மேலேறும் குளிர்நீர் நின்றுபோனது, அதோடு மிதவை உயிர்களும் அற்றுப்போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த கலாபகோஸ் டாம்செல் மீனை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. முக்குளிப்பவர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள்.