வெளிநாட்டுக் காகிதம் நம்ம கோர்ட்டில் ஏறிய கதை: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடியிலிருந்து:
எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் காகிதத்தை நீட்டியது எதிர்த்தரப்பு, ஆட்சேபித்தது நாங்கள். கோலாலம்பூரில் இருந்த பெரியப்பாவின் உயிலுக்கு மலேசிய ஹைகோர்ட் கொடுத்த புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று). வந்ததோ ஜெராக்ஸ். கீழே உள்ளூர் நோட்டரி முத்திரை, ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று. அசல் மலேசியாவில் கிடக்கும்போது இவர் எதோடு ஒப்பிட்டார் என்று எங்கள் வக்கீல் கேட்டதும் ஜட்ஜ் அதைச் சாட்சிய ஆவணமாக எண் போட்டுக் குறியீடு செய்ய மறுத்துவிட்டார்.

வாய்தா வாங்கிப் போனவர்கள் அடுத்து முறையாகவே வந்தார்கள். அந்தக் கோர்ட்டு பதிவாளர் சான்றிட்ட நகல். அதன் முதுகில் விஸ்மா புத்ரா முத்திரை (அங்கே வெளியுறவு அமைச்சகத்தை அப்படித்தான் சொல்வார்கள்). அதற்கும் கீழே இந்திய ஹைகமிஷன் (நம் தூதரகம்) அதிகாரியின் கையெழுத்து. மலாய்ப் பக்கங்களுக்கு மொழிபெயர்ப்பு வேறு. அந்தக் கடைசிக் கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டுக் கோர்ட் ஆவணத்தின் நகலை உண்மையென்று அனுமானிக்க, பழைய சாட்சியச் சட்டம் 86ஆவது பிரிவு கேட்டது அந்த நாட்டுக்கான நம் மத்திய அரசுப் பிரதிநிதியின் சான்றை. அப்புறம் நாங்கள் என்ன சொல்ல? எக்ஸிபிட் நம்பர் விழுந்தது. உயில் செல்லுமா என்ற சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குடும்பநல வழக்குகள் பார்க்கும் வக்கீல்:
காரைக்குடி நண்பர் சொன்னதுதான் 1991இல் சுப்ரீம் கோர்ட் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கிலும் நடந்தது. திருப்பதியில் கல்யாணம், மிசௌரியில் விவாகரத்து. அந்த ஊர்க் கோர்ட் கிளார்க் முறைப்படி சான்றிட்ட நகல்தான்; ஆனாலும் அமெரிக்காவிலுள்ள இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லையென்று ஏற்கவில்லை. அதோடு, அந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பே இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கட்சிக்காரர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். தீர்ப்பு நகல் சாட்சியத்தில் ஏறுவது வேறு, அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்துவது வேறு. பின்னதற்கு சிவில் நடைமுறைச் சட்டம் 13ஆவது பிரிவைத் தாண்ட வேண்டும்.

“அப்போஸ்டில் இருக்கே மேடம், போதாதா?” என்பார்கள். அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் சான்று. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் 2005 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது, அமெரிக்காவும் அதில் உண்டு. ஆனால் அப்போஸ்டில் சொல்வது கையெழுத்து, பதவி, முத்திரை நிஜம் என்பதை மட்டுமே. கோர்ட் தீர்ப்பு என்றால் கான்சுலேட் சான்றையும் வாங்கிவரச் சொல்கிறேன். எதிர்த்தரப்புக்கு ஏன் வாய்ப்பு கொடுப்பானேன்? பிறப்பு, இறப்புச் சான்று மாதிரி வெளிநாட்டுப் பொது ஆவணங்களுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 78(6). அதில் நோட்டரி சான்றும் செல்லும், ஆனால் அசலை வைத்திருக்கும் அதிகாரி முறைப்படி சான்றிட்ட நகல் இது என்று அவர் எழுதியிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சாட்சியச் சட்டத்தில் 78 இப்போது 77, 86 இப்போது 88.

கனடாவிலிருந்து பவர் வாங்கியவர்:
எங்களுடையது தீர்ப்பு இல்லை, அக்கா அனுப்பிய பவர் பத்திரம். நோட்டரி, அப்போஸ்டில் எல்லாம் அங்கேயே முடித்து அனுப்பினாள் (கனடாவில் அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2024 ஜனவரியில்தான், அதற்கு முன்னால் கான்சுலேட் வாசல்தான்). இங்கே வந்தபின் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மறக்காதீர்கள். மாவட்டப் பதிவாளர் ஆபீஸில் கவுண்டர்காரர் பத்திரத்தைப் புரட்டுவதற்கு முன்பே கேட்டது கூரியர் கவரை. எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.