புதுப்பிப்பு: டிரசீனா நுனி கருகியதன் காரணம் தெரிந்துவிட்டது

தருமபுரி வீட்டுக் கூடத்தில் வைத்த டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் ஆகிய அழகுச் செடிகளின் இலை நுனி கருகுகிறது, வெயிலா, தண்ணீர்க் குறைவா என்று மார்ச் மாதம் கேட்டிருந்தேன். பலரும் தண்ணீரைக் கூட்டச் சொன்னீர்கள். கூட்டினேன், இன்னும் அதிகமாகக் கருகியது.

குற்றவாளி தண்ணீரேதான். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்ததில் லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. குடிநீருக்கே உச்ச வரம்பு 1.5தான். நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் கறை படிய வைக்கும் அதே சங்கதி, வேர்வழி ஏறி இலை நுனியில் தங்கிவிடுகிறது. இந்த இரண்டு செடிகளுக்கும் அது ஆகவே ஆகாது. கொதிக்க வைத்தாலும் போகாது (அம்மா சொன்னார் என்று ஒரு வாரம் அதையும் செய்து பார்த்தேன்). சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் அந்த உரத்தை நிறுத்திவிட்டேன்.

இப்போது அவற்றுக்கு ஒகேனக்கல் திட்டத்தில் வரும் காவிரிக் குழாய்நீரும் மாடியில் பிடித்த மழைநீரும் மட்டும். பழைய கருகல் மாறவில்லை, கத்தரித்துவிட்டேன். புதுக் குருத்துகள் நுனிவரை பச்சை. மணி பிளாண்ட் மட்டும் அதே கிணற்று நீரில் கொழுத்துக் கிடக்கிறது.

வாசலுக்கு அரளி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் முழுச் செடியும் நஞ்சு. எங்கள் தெருவில் ஆடுகள் திரிவதால் நான் காகிதப்பூவை வைத்தேன்.