கலைச்சொல் விவாதம்: மொரிசியஸின் ‘பெஸ்ட் லூசர்’ தமிழில் எப்படி வரவேண்டும்?

குழுவினர்க்கு வணக்கம்.

மொரிசியஸ் நாடாளுமன்றத் தேர்தலில் ‘பெஸ்ட் லூசர்’ என்றோர் ஏற்பாடு உண்டு. வாக்கெண்ணிக்கை முடிந்தபின், எந்தச் சமூகத்துக்கு அவையில் இடம் குறைந்திருக்கிறதோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, தேர்தலில் தோற்ற வேட்பாளர்களுக்கு 8 இடங்கள் வரை கிடைக்கும். இதைச் ‘சிறந்த தோல்வியாளர் முறை’ என்று எழுதினால் என் மனம் ஒப்பவில்லை. ‘தோல்வியாளர்’ என்பதில் வாழ்க்கையிலேயே தோற்றவர் என்ற வசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘தோற்றோரில் முதல்வர்’ என்றால் தமிழ்நாட்டு வாசகர் முதலமைச்சரை நினைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு சொல்லும் போதாது என்று தோன்றுகிறது. அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அதில் அமர்பவருக்கு ஒரு பெயர் வேண்டும். உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

> சிறந்த தோல்வியாளர் முறை

ஐயா, ஆங்கிலப் பெயரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இந்தச் சிக்கல் தீராது. ‘பெஸ்ட் லூசர்’ என்ற சொல் அந்நாட்டு அரசமைப்பில் இல்லை. மேடையிலும் செய்தித்தாளிலும் வழங்கும் பெயர் அது. முதல் அட்டவணையின் 5ஆம் பத்தி ‘8 கூடுதல் இடங்கள்’ என்றும், அவற்றைப் பெறுபவரை ‘தேர்வாகாதவர்களுள் மிகுந்த வெற்றி கண்ட வேட்பாளர்’ என்றும்தான் சொல்கிறது. தோல்வி என்ற சொல்லே வரவில்லை. ஆகவே முறை எப்படி நடக்கிறது என்பதை முதலில் வைத்துக்கொண்டு, சொல்லைப் பிறகு தேடுவோம்.

முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 3 உறுப்பினர். ரொட்ரிக்ஸ் தீவு 21ஆவது தொகுதி, அங்கே 2 உறுப்பினர். ஆக மொத்தம் 62. வாக்காளர் தம் தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை பேருக்கும் வாக்களித்தாக வேண்டும். மூவருக்குப் பதில் இருவருக்கு மட்டும் குறியிட்டால் சீட்டு செல்லாது. இந்த முறையில் கட்சி அலை சிறிது வீசினாலும் மூன்று இடமும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். சிதறி வாழும் சிறுபான்மைச் சமூகம் அவையில் காணாமலே போகலாம் என்ற அச்சம் விடுதலைக்கு முன்பே இருந்தது. 1966இல் தேர்தல் முறையை ஆராய்ந்த பான்வெல் ஆணையம், குறையைச் சரிசெய்யும் ‘திருத்த இடங்களை’ப் பரிந்துரைத்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பைத் தீர்க்க அதே ஆண்டு பிரிட்டனிலிருந்து குடியேற்ற நாடுகள் துறையின் இளநிலை அமைச்சர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் வந்து பேசி முடித்ததே இன்றுள்ள 8 இட ஏற்பாடு. 1967 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது, 1968 விடுதலை அரசமைப்பிலும் நிலைத்தது.

வேட்புமனுவிலேயே வேட்பாளர் தம் சமூகத்தை அறிவிக்க வேண்டும். நான்கே சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன மொரிசியர், அந்த மூன்றிலும் அடங்காத எல்லாரும். அறிவிப்பு தவறென்று கருதும் வாக்காளர் 7 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரே நீதிபதி விசாரித்து, வேட்புமனுத்தாக்கல் ஆன 14 நாளுக்குள் முடிவு சொல்வார். அதன்மேல் முறையீடு இல்லை.

இடம் கொடுக்கும் கணக்கைப் பாருங்கள், சொல் இதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அது ஏற்கெனவே வைத்திருக்கும் இடங்களோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஈவு எதற்குப் பெரிதோ, இடம் அதற்கு. கொடுத்ததும் அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடி வகுக்க வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ 4,20,000 பேர், 36 இடம். ‘ஆ’ 1,40,000 பேர், 10 இடம். ‘இ’ 24,000 பேர், 1 இடம். ‘ஈ’ 2,40,000 பேர், 15 இடம். ஈவுகள் முறையே 11,351, 12,727, 12,000, 15,000. முதல் இடம் ‘ஈ’க்கு. மீண்டும் வகுத்தால் ‘ஈ’ 14,117, இரண்டாவதும் அதற்கே. அடுத்து 13,333, மூன்றாவதும் அதற்கே. அடுத்து 12,631 ஆகிறது. இப்போது ‘ஆ’வின் 12,727 முந்துவதால் நான்காவது ‘ஆ’வுக்கு. எண்ணிக்கையில் மிகச் சிறிய ‘இ’க்கு ஒன்றுமில்லை. ஆனால் அதனிடம் அந்த ஓர் இடமும் இல்லாதிருந்தால் ஈவு 24,000 ஆகி, முதல் இடத்தையே அது பெற்றிருக்கும். ‘சிறுபான்மையர் இடம்’ என்று பெயர் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பெரிய சமூகத்துக்கும் இடம் போகலாம்.

சமூகம் முடிவானபின் ஆள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, தேர்வாகாத வேட்பாளர்களில் தம் தொகுதியில் அதிக வாக்கு விழுக்காடு பெற்றவர் யாரோ, அவர். வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் தொகுதிகளின் அளவு ஒன்றுபோல இல்லை. கட்சி சாராத வேட்பாளர் எவ்வளவு வாக்கு வாங்கியிருந்தாலும் இந்த இடம் கிடையாது.

முதல் 4 இடங்களில் எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. அவற்றில் எத்தனை, வென்ற கட்சி அல்லாதவர்களுக்குப் போனதோ, அடுத்த 4இல் அத்தனை இடத்தை வென்ற கட்சியின் தேர்வாகாத வேட்பாளர்களுக்கு முடிந்தவரை கொடுக்க வேண்டும். சமூகச் சமன் செய்யப்போய், மக்கள் தந்த கட்சிப் பெரும்பான்மை குலையக் கூடாது என்பதே நோக்கம். 1982லும் 1995லும் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் ஒரே அணி அள்ளியது. அந்த அணியில் தேர்வாகாதவர் என்று எவரும் அங்கே மிஞ்சவில்லை. அதனால்தான் இரு முறையும் 8க்குப் பதில் 4 இடங்கள் மட்டும் நிரம்பி, அவை 66 பேரோடு நின்றது. ‘8 இடங்கள்’ என்று எழுதுவோர் ‘8 வரை’ என்று எழுதுவதே சரி.

* * *

வணக்கம். அம்மா தந்த விளக்கத்துக்கு நன்றி. இலங்கை வாசகர் சார்பில் ஓர் எச்சரிக்கை. ‘கூடுதல் ஆசனம்’ என்று வைத்தால் எங்களிடம் குழப்பம் வரும். தேர்தல் மாவட்டத்தில் ஆகக்கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும், அதை ‘போனஸ் ஆசனம்’ என்கிறோம். அது வென்றவருக்குப் போவது. மொரிசியஸில் கிடைப்பதோ தெரிவாகாதவருக்கு.

‘நியமன உறுப்பினர்’ என்பதும் வேண்டாம். நியமனம் என்றால் ஒருவரது விருப்பம் அங்கே இருக்கிறது. இந்தியாவில் 2020 ஜனவரி வரை ஆங்கிலோ இந்தியர் இருவரைக் குடியரசுத் தலைவர் மக்களவைக்கு நியமித்தது அந்த வகை. இங்கே தேர்தல் மேற்பார்வை ஆணையம் கணக்கை மட்டுமே செய்கிறது, ஆளைத் தெரிவு செய்வதில்லை.

* * *

இன்னொன்றையும் தள்ளிவிடலாம்: ‘இட ஒதுக்கீடு’. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு என்றால் போட்டிக்கு முன்பே எடுத்து வைப்பது. தனித்தொகுதி அப்படித்தான். சிங்கப்பூரின் குழுத்தொகுதியும் 1988 முதல் வாக்குக்கு முன்பே வேலை செய்கிறது, வேட்பாளர் அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். மொரிசியஸ் ஏற்பாடு வாக்கு எண்ணிய பிறகு வருவது. அந்தப் ‘பிறகு’ சொல்லில் தெரிய வேண்டும்.

என் பரிந்துரை ‘நிரவல் இடம்’. மேடுபள்ளமான வயலைப் பரம்படித்து நிரவுகிறோம். ஆசிரியர் ‘பணி நிரவல்’ எல்லாருக்கும் தெரிந்த சொல். பள்ளம் எங்கே என்று பார்த்தபின்தான் நிரவ முடியும், ஆகவே ‘பிறகு’ என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. அமர்பவர் ‘நிரவல் உறுப்பினர்’. பேச்சிலும் தடையின்றி வரும்.

சட்டம் ‘உரிய சமூகம்’ என்று சொல்வதற்கு ‘முறைக்குரிய சமூகம்’ என்று வைக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக வகுத்து, இப்போது யார் முறை என்று பார்ப்பதல்லவா? கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடும் ஊர்களில் இந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது.

* * *

> ‘பணி நிரவல்’ எல்லாருக்கும் தெரிந்த சொல்

அதுதான் என் தயக்கமும். பணி நிரவலில் மிகுதியாக உள்ள பள்ளியிலிருந்து எடுத்துக் குறைந்த பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். மொரிசியஸில் எவரிடமிருந்தும் எடுப்பதில்லை, 62 அப்படியே இருக்க, மேலே சேர்க்கிறார்கள். ‘நிரவல் இடம்’ என்று படிப்பவர், வென்ற ஒருவர் இடத்தை இழந்தார் என்று எண்ண வாய்ப்புண்டு. இன்னொரு பகுதியின் மேட்டைத் தொடாமல், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புவதும் நிரவல்தான் என்பதால் சொல்லை நான் மறுக்கவில்லை. முதல் முறை வரும்போது ‘கூடுதல் நிரவல் இடம்’ என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொண்டால் பிழை வராது.

‘முறைக்குரிய சமூகம்’ மிகப் பொருத்தம். ‘பின்தங்கிய சமூகம்’ என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று அஞ்சினேன், அந்த வழி அடைபட்டது.

ஆளுக்குச் சட்டம் தரும் நீண்ட தொடருக்குத் ‘தேர்வாகாதோரில் முன்னவர்’ போதும். இடம் கிடைக்கும் வரை அவர் முன்னவர், கிடைத்தபின் நிரவல் உறுப்பினர். இரண்டு நிலையையும் பிரித்து எழுதினால் செய்தி தெளிவாகும்.

* * *

நான்காம் சமூகத்துக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் அது ‘ஜெனரல் பாப்புலேஷன்’. ‘பொதுமக்கள்’ என்று மொழிபெயர்த்தால் ‘பொதுமக்களுக்கு மூன்று இடம்’ என்று வந்து பொருளே கெடும். ‘பொதுப்பிரிவு’ என்றால் கல்லூரிச் சேர்க்கை நினைவுக்கு வரும்.

அரசமைப்பு சொல்வது இது: வாழ்முறையைக் கொண்டு பார்க்கையில் முதல் மூன்றில் எதையும் சேராதவர் என்று தோன்றுபவர் அனைவரும் நான்காவது. ஆகவே ‘ஏனையோர்’ என்பது அகராதிக்குச் சரியான சொல்.

* * *

> ‘ஏனையோர்’

சரியாக இருக்கலாம், ஆனால் நான் எதிர்க்கிறேன். அந்தப் பிரிவில் பெரும்பகுதியினர் கிரியோல் மக்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். எச்சம்போல நம்மை எண்ணுகிறார்கள் என்பது அவர்களின் நெடுநாள் மனக்குறை. தமிழும் அதே காயத்தை ஒரு சொல்லாக்கித் தரவேண்டாம். ‘பொதுக்குடியினர்’ என்று வைக்கலாம். குடித்தொகை, குடிமதிப்பு என்று குடி என்ற சொல் மக்கள்தொகைப் பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. வரையறையில் ‘மற்ற மூன்றிலும் அடங்காதோர்’ என்று எழுதிவிட்டால் துல்லியமும் கெடாது.

கூடவே ‘இனம்’ என்ற சொல்லையும் தவிர்ப்போம். நான்கில் இரண்டு சமயத்தால் வந்தவை, ஒன்று வந்த நாட்டால், ஒன்று மிச்சத்தால். ‘சமூகம்’ ஒன்றே நான்குக்கும் பொருந்தும்.

தமிழில் எழுதுவோர்க்கு இது முக்கியம்: மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு, ஆனால் இந்தக் கணக்கில் தமிழர் என்று தனிச் சமூகம் கிடையாது. தெலுங்கர், மராத்தியர் போலவே தமிழ் இந்துக்களும் ‘இந்து’ என்ற ஒரே வரிசையில் எண்ணப்படுகிறார்கள். ‘தமிழர் இடம் குறைந்ததால் இவருக்கு நிரவல் இடம் கிடைத்தது’ என்று எழுதினால் அது பிழையான செய்தி.

* * *

இதற்கும் ஒரு சொல் வேண்டும். கணக்கில் பயன்படும் மக்கள்தொகை எது? 1972 கணக்கெடுப்பு. 1982இல் அரசமைப்பைத் திருத்திச் சமூகம் கேட்கும் கேள்வியைக் கணக்கெடுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் நிரவல் இடங்கள் நீங்கவில்லை, அவற்றுக்கு 1972 எண்களே நிலையாகிவிட்டன. 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, புதிய எண்கள் இல்லாமல் வேட்பாளரைச் சமூகம் அறிவிக்கக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று கருத்துரைத்தது. அதன்பின் 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது, அறிவிக்க விரும்பாதவர் விட்டுவிடலாம், ஆனால் நிரவல் இடமும் கிடைக்காது.

இதை ‘உறைந்த கணக்கெடுப்பு’ என்று எழுதலாமா? இந்தியாவில் மக்களவைத் தொகுதி எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தப்பட்டதைப் பேசவும் இதே சொல் உதவும்.

* * *

‘உறைந்த’ என்பதில் ஆங்கில வாடை அடிக்கிறது. ‘நிலைநிறுத்திய கணக்கெடுப்பு’ என்பேன். யாரோ நிறுத்தினார்கள் என்பது அதில் தெரிகிறது.

* * *

அனைவர்க்கும் நன்றி. சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘வாக்கெண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் மேற்பார்வை ஆணையம் கூடுதல் நிரவல் இடங்களை முடிவு செய்தது. முதல் இடத்துக்கு முறைக்குரிய சமூகம் பொதுக்குடியினர். அச்சமூகத்தில் தேர்வாகாதோரில் முன்னவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்பதால், இரண்டாம் நான்கில் ஓர் இடம் வென்ற கட்சிக்குப் போகும். கணக்குக்கு அடிப்படை நிலைநிறுத்திய 1972 கணக்கெடுப்பு.’

தடங்கலின்றிப் படிக்க முடிகிறது. ‘இடம்’ வரும் இடங்களில் இலங்கையர் ‘ஆசனம்’ என்றும், ‘தேர்வாகாத’ என்பதைத் ‘தெரிவாகாத’ என்றும் மாற்றிக்கொள்ளலாம், நிரவல் இரண்டோடும் ஒட்டுகிறது. ‘பொதுக்குடியினர்’ பற்றி மட்டும் மொரிசியஸில் தமிழ் எழுதுவோர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபின் அந்தப் பதிவை முடிக்கிறேன். அதுவரை பட்டியலில் அதன் எதிரே ஒரு கேள்விக்குறி இருக்கும்.