அரைமண்டியில் எடுக்கும் அளவு: நாட்டிய உடைத் தையலில் என் அனுபவம்

தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் படிப்பை முடித்து, ரவிக்கையும் சுடிதாரும் பிழையின்றித் தைக்கத் தெரிந்த பிறகே மயிலாப்பூரில் பரதநாட்டிய உடை தைக்கும் ஒரு மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என்னை முதலில் வியக்க வைத்தது அவர் அளவெடுத்த முறைதான். அரங்கேற்ற உடைக்காக வந்திருந்த பெண்ணை நிற்க வைத்துத் தோள், மார்பு, இடுப்பு ஆகியவற்றை அளந்தவர், "இப்போ அரைமண்டியில உட்காரும்மா" என்றார். முழங்கால்கள் மடங்கி இருபுறமும் விரிய, பாதி அமர்ந்த அந்த நிலையில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலும், ஒரு முழங்காலிலிருந்து மற்றொன்று வரையிலும் மறுபடியும் டேப்பை ஓட்டினார். உடன் வந்திருந்த ஆசிரியை, முழுமண்டியில், அதாவது முழங்காலை முழுதாக மடக்கிக் குதிகால்மேல், அமர்ந்து எழும் அடவுகள் (அடிப்படை நடன அசைவுகள்) நிறைய உண்டு என்று சொன்னதும், கால்சட்டையின் இருக்கைப் பகுதிக்கு இன்னும் சற்றுத் தளர்வு கூட்டிக் குறித்துக்கொண்டார். நான் படித்த தையலில் உடம்பு எப்போதும் நின்றுகொண்டே இருந்தது; இங்கே ஆடும் உடம்புக்குத் துணி வெட்ட வேண்டியிருந்தது.

இத்தொழிலின் உயிர் முன்விசிறியில் இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் நடுவே பொருத்தப்படும் அந்த மடிப்புத் துண்டு, நிற்கும்போது அடங்கிக் கிடந்து, அரைமண்டியில் மயில்தோகை போல விரிய வேண்டும். மடிப்பு குறைந்தால் கால் விரியும்போது துணி இழுக்கும். மிகுந்தால் நடுவில் பருத்துத் தொங்கும். காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் கரை விசிறியின் அடிவிளிம்பில் தடையின்றி ஓடுமாறும், முந்தானையின் சரிகை மேலாக்கில் எடுப்பாகத் தெரியுமாறும் முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஏனெனில் ஒரு புடவையில் முந்தானை ஒன்றுதான் இருக்கிறது. 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி நாட்டிய உடையின் வண்ணச் சேர்க்கையிலும் வடிவமைப்பிலும் காட்டிய அக்கறையின் தடத்தை, இன்றும் வாடிக்கையாளர்கள் கேட்கும் மாதிரிகளில் காண்கிறேன்.

வியர்வையைத் தாங்கப் பருத்தி லைனிங், வளரும் பிள்ளைகளுக்காகப் பிரித்து விடும்படி உள்ளே விடும் கூடுதல் துணி, நடனத்தின் நடுவே அவிழாத கொக்கியும் நாடாவும் ஆகியவை வெளியே தெரியாதவை. ஆனால் வாடிக்கையாளர் அடுத்த உடைக்கும் நம்மிடமே திரும்பி வருவது இவற்றால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வராது. மார்கழி இசை விழாவுக்கு முந்தைய மாதங்களிலும், வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அரங்கேற்றத்துக்காக ஊருக்கு வரும் கோடை விடுமுறையிலும் இரவு பகலாக வேலை இருக்கும். மற்ற நாள்களில் பழைய உடைகளைப் பிரித்துப் பெரிதாக்குவதும், பள்ளி ஆண்டு விழாக்களுக்கு உடைகளை வாடகைக்கு விடுவதும் கைகொடுக்கின்றன. தொலைவிலிருந்து அளவு அனுப்புவோரிடம் எண்களோடு அரைமண்டியில் அமர்ந்த காணொளியையும் கேட்டு வாங்குகிறேன். துணியை வெட்டும் முன்பே பாதிக் கூலியை முன்பணமாகப் பெற்றுவிடுகிறேன்.

இதைக் கற்க விரும்புவோர், சாதாரணத் தையலில் கை படிந்த பிறகு நாட்டிய உடை மட்டுமே தைக்கும் கடையில் உதவியாளராகச் சேர்வது நல்லது. தொடக்கத்தில் கொக்கி தைப்பதும் விசிறி மடிப்பைத் தேய்ப்பதுமாகவே பொழுது போகும். அக்காலத்தில் அருகிலுள்ள நடன வகுப்புக்கு, ஆசிரியரின் அனுமதியோடு சென்று, மாணவிகள் அடவு பழகுவதை ஓர் ஓரத்தில் அமர்ந்து பாருங்கள். எந்த அசைவில் எந்தத் தையல் இழுபடுகிறது என்பதை எந்த வரைபடத்தைவிடவும் அங்கே தெளிவாகக் காணலாம்.