செம்பவாங் சுவரோவியம்: நங்கூரமா, சிப்பிங் சுத்தியா?

சிப்பிங்காரர் மகள்:
வணக்கம். சிங்கப்பூர் செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்டு டெக்கில், அதாவது கீழ்த்தளத்துத் திறந்தவெளியில், ஒரு நீளச் சுவர் சும்மா கிடக்கிறது. இங்கே வெள்ளைக்காரர் நடத்திய பழைய நேவல் பேஸ் நினைவாக அதில் ஓவியம் தீட்ட வசிப்போர் குழு முடிவு செய்திருக்கிறது. வரைவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். நடுவில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பல், ஓரத்தில் நங்கூரம், வெள்ளைத் தொப்பியோடு ஒரு துரை. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அந்தக் கப்பல் இங்கே வந்தது 1941 டிசம்பர் 2ஆம் தேதி. கிளம்பியது 8ஆம் தேதி. 10ஆம் தேதி குவாந்தான் பக்கம் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்துவிட்டன. ஆறு நாள் நின்ற கப்பலுக்கு முழுச் சுவரா? என் அப்பா போருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக்காரர் கிளம்பும் வரை கப்பல் அடியில் துருத் தட்டினார். அந்தச் சிப்பிங் சுத்தி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது, தேங்காய் உடைக்க. அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்ன படம் கேட்கலாம்? வேல் வரையச் சொல்கிறார் ஒரு பக்கத்து வீட்டுக்காரர். இன்னொன்று, பலகையில் 'கடற்படைத் தளம்' என்று போடப் போகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நேவல் பேஸ்தான்.

யீஷூன்வாசி:
கப்பலை எடுக்கச் சொல்லாதீர்கள் அக்கா. பிள்ளைகள் நின்று பார்ப்பது அதைத்தான். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் சிலையை அகற்ற வேண்டாம் என்று 1961இல் டச்சுப் பொருளியல் வல்லுநர் வின்செமியஸ் ஆலோசனை சொன்னார், சிலையும் தப்பியது. 2019இல் ஆற்றோரத்து வெள்ளை ராஃபிள்ஸ் பக்கத்தில் சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை என நம் ஊர்ச் சரித்திரத்து நாலு பேரை நிறுத்தினார்களே, அந்த மாதிரி செய்யலாம். இருப்பவரை இறக்காமல் பக்கத்தில் ஆள் சேர்ப்பது.

யூனியன் வீட்டுப் பேரன்:
அந்த நாலு பேரையும் அப்புறம் தூக்கிவிட்டார்களே அண்ணே. ராஃபிள்ஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறார்.

செம்பவாங்கில் வெள்ளைக்காரருக்கு நினைவுச்சின்னம் குறைவா என்ன? கனடா சாலை, ஒட்டாவா சாலை, டர்பன் சாலை, பெர்முடா சாலை, மால்ட்டா, ஜிப்ரால்ட்டர். கான்பரா என்ற பெயரில் 2019இல் எம்ஆர்டி ரயில் நிலையமே வந்துவிட்டது. தெருப் பலகையெல்லாம் அவர்களுடைய சாம்ராஜ்யம். சுவராவது நமக்கு இருக்கட்டும்.

1952 டிசம்பர் கடைசியில் நேவல் பேஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதை வரையச் சொல்லுங்கள். அந்தத் தொழிற்சங்கத்தின் செயலாளராக இருந்த எஸ். உட்ஹல் 1963இல் இடதுசாரிகளை வளைத்துப் பிடித்த கோல்டுஸ்டோர் நடவடிக்கையில் கைதானவர். குழு ஒத்துக்கொள்ளாது, தெரியும். கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

கோழிக்கோட்டுக் கொச்சுமகள்:
சேச்சி, வேல் வேண்டாமே. பாலசுப்பிரமணியர் கோயில் கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியதுதான், நேவல் பேஸ் ஆட்கள் வளர்த்ததுதான். கோயில் இப்போது இருக்கும் யீஷூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்க நானும் போகிறேன். ஆனால் சுவரில் வேல் வந்தால் மலாய்க்காரரும் சீனரும் எங்கே போவார்கள்? மலையாளிகள் நாங்கள் எங்கே போவோம்? செம்பவாங்கைக் குட்டிக் கேரளா என்பார்கள். நேவல் பேஸ் கேரளா லைப்ரரி 1954இலேயே வந்துவிட்டது.

துரை நின்ற இடத்திலிருந்து பார்த்த கப்பலைத்தான் அந்த ஓவியர் வரைந்திருக்கிறார். உங்கள் அப்பாவும் என் முத்தச்சனும் (தாத்தா) பார்த்தது அடிவயிற்றை. 1938 பிப்ரவரி 14இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் டிரை டாக், கப்பலை உள்ளே விட்டுப் பழுதுபார்க்கும் தொட்டி, ஆயிரம் அடி நீளம். தண்ணீரை இறைத்துவிட்டால் கீழே நிற்கும் ஆளுக்குக் கப்பல் ஒரு மலை. அந்தக் கோணத்தில் வரையச் சொல்லுங்கள். கப்பலும் இருக்கும், தொங்கு பலகையில் எல்லா இனத்து ஆட்களும் இருப்பார்கள்.

யீஷூன்வாசி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, என் ஓட்டு இதற்குத்தான்.

சிப்பிங்காரர் மகள்:
கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். வேலைநிறுத்தம் என்று ஆரம்பித்ததுமே தலைவர் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டார், மன்னிக்கணும் தம்பி. துரை போய்விட்டார். நங்கூரம் ஓரத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதோடு எனக்கு என்ன சண்டை? டிரை டாக் கோணம் ஓவியருக்கு உடனே பிடித்துவிட்டது. பெயர் இல்லாத ஏதோ ஒரு கப்பல், கீழிருந்து பார்க்கிற மாதிரி. பலகையில் 'நேவல் பேஸ்' பெரிதாக, அடியில் சின்னதாகக் 'கடற்படைத் தளம்'. மொழிபெயர்ப்பு பார்க்கும் தம்பி கொஞ்சம் முகம் சுளித்தார்.

மாதிரி பார்த்து வரையச் சுத்தி வேண்டுமாம். ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை பாக்கெட் தேங்காய்ப் பால்தான்.